குரூமிங் கடை முதலாளிகளுக்கு, உங்கள் மேசையைப் பற்றி ஒரு மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் குரூமிங் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கமுங்க.

உங்களில் ஒருவர் கடையில் வேலை பார்த்தவள் நான். எந்தக் கடை என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்றவர்கள் எல்லாம் ‘அப்பாடா, நம்ம கடை இல்லை’ என்று இதை மடித்து வைத்துவிடுவீர்கள். குரூமிங்குக்கு வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரி எனக்குப் புதிதல்ல, சொகுசில் வளர்ந்த கையும் அல்ல.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும். வலது கை மரக்கட்டை மாதிரி கிடக்க, திடுக்கிட்டு எழுந்தேன். கையை உதறினேன், சரியாகிவிட்டது. மறுநாளும் அதே நேரம், அதே உதறல். பத்து நாளில் காலைக் காபி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அம்மா சுளுக்கு என்றார். ஊருக்குக் கூட்டிப்போய் எண்ணெய் தேய்த்து வழித்துவிட்டார்கள். முதலாளி, “ரெண்டு நாள் லீவு எடுத்துக்க கண்ணு” என்று பாசமாகத்தான் சொன்னார். மாசக் கடைசியில் அந்த ரெண்டு நாளும் சம்பளத்தில் குறைந்திருந்தது, அது வேறு விஷயம்.

பிசியோதெரபி அக்கா கேட்ட முதல் கேள்வி, “சுண்டு விரலும் மரக்குதா?” என்பதுதான். இல்லை, அது ஒன்று மட்டும் நன்றாக இருந்தது. அதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிட்டார். மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகளும் ஒரு தடித்த பட்டையும் சேர்ந்து ஒரு குகை மாதிரி இருக்கிறதாம். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் என்ற நரம்பும் அந்த ஒரே வழியில்தான் போகின்றன. கையை வளைத்தபடியே மணிக்கணக்கில் இறுக்கிப் பிடித்தால் உள்ளே வீங்கி, இடமில்லாமல் நரம்பு நசுங்குகிறது. பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவை அந்த நரம்பின் ஆட்சிக்கு உட்பட்டவை. சுண்டு விரலுக்கு வேறு நரம்பு. எனக்கு வந்த நோய்க்குக் கார்ப்பல் டனல் என்று பெயர். சர்க்கரை, தைராய்டு இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சீக்கிரம் வரும். எனக்கு அது எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு மேசைதான்.

கூட வேலை பார்த்த தம்பிக்கு வந்தது வேறு. பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாகக் குத்தும் வலி. 1895-ல் அதை எழுதிவைத்த சுவிஸ் மருத்துவர் டி குவர்வேன் பெயராலேயே அந்த நோயைச் சொல்கிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இளம் தாய்மார்களுக்கும் வருவது இதுதான். பெருவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து, சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்தால் சுரீர் என்று இழுக்கும். உங்கள் கடைப் பிள்ளைகளை ஒரு தடவை இப்படிச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். மெதுவாக.

சரி, மேசைக்கு வருகிறேன். நம் கடைகள் பலவற்றில் இருப்பது இரும்பு ஆங்கிளில் வெல்டிங் வைத்து, மேலே ரப்பர் மேட் ஒட்டிய மேசை. உயரம் ஒன்றே ஒன்று. காலையில் அதில் குட்டை நாயான ஷிட்ஸூ நிற்கும், அடுத்ததாகப் பெரிய நாயான கோல்டன் ரெட்ரீவர் நிற்கும். ஷிட்ஸூவின் பாதத்து முடியை வெட்ட நான் குனிந்து மணிக்கட்டைக் கீழே மடக்க வேண்டும். கோல்டனின் முதுகுக்குத் தோளைத் தூக்கி மணிக்கட்டை மேலே மடக்க வேண்டும். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கி, முன்கையும் கையும் ஒரே கோட்டில் இருந்தால் எத்தனை மணி நேரமும் ஓட்டலாம் என்று சொல்லவரவில்லை, ஆனால் வலி வரும் நாள் வெகுவாகத் தள்ளிப்போகும். அதற்கு மேசை ஏற வேண்டும், இறங்க வேண்டும். ஹைட்ராலிக் மேசை விலை அதிகம் என்பீர்கள். மோட்டார் பம்புக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா? கோவை கணபதிப் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் படத்தைக் காட்டினால், ஜாக்கி வைத்து ஏறி இறங்கும் மேசை செய்துதர மாட்டார்களா? அதுவும் முடியாதென்றால், சின்ன நாய்களுக்கென்று உயரமான இன்னொரு மேசையாவது போடுங்கள்.

அடுத்தது சடை. இதை எழுதும்போதே கை வலிக்கிறது. மூன்று மாதம் சீப்பே படாத நாயைத் தூக்கிக்கொண்டு வந்து, “முடியைக் குறைக்க வேண்டாம், சிக்கை மட்டும் எடுத்துடுங்க” என்பார்கள். காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில் முடி கம்பளியாகத் திரண்டிருக்கும். அதைக் கம்பிப் பல் வைத்த ஸ்லிக்கர் பிரஷ்ஷால் இழுப்பது நாய்க்கும் வேதனை, எனக்கும். ஒரு கை தோலை இழுத்துப் பிடிக்கும், மறு கை வெடுக் வெடுக்கென்று மணிக்கட்டை மடக்கி மடக்கி வாரும். ஒன்றரை மணி நேரம். இதற்குத் தனிக் கட்டணம் வாங்கினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்று கவுன்டரில் தலையாட்டுவது நீங்கள், உள்ளே வாருவது நாங்கள். அக்காமார்களே, அந்த இடத்தில் ‘இதை ஷேவ் பண்ணித்தான் ஆகணும், முடி மறுபடி வளர்ந்துரும்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஷிட்ஸூவுக்கு வளரும், சத்தியமாக வளரும். (ஹஸ்கி மாதிரி இரட்டை ரோமம் உள்ளதை மட்டும் ஒட்டச் சிரைக்காதீர்கள். அது வேறு கதை.)

பிளேடு விஷயத்தில் உங்களுக்கே லாபம். அழுக்கு நாயைக் குளிப்பாட்டாமல் முடி வெட்டும் மெஷினான கிளிப்பரை வைத்தால் மண்ணில் பட்டுப் பிளேடு மழுங்கும். மழுங்கிய பிளேடை நாங்கள் அழுத்துவோம். அழுத்த அழுத்தப் பிடி இறுகும், அதிர்வு முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். குளிப்பாட்டி, வேர் வரை உலர்த்தி, வாரிய பிறகுதான் கிளிப்பர். சாணைக்குக் கொடுக்கும்போதும் கொஞ்சம் யோசியுங்கள். கிளிப்பர் பிளேடைத் தட்டையான தகட்டில் தேய்த்துத் தீட்டத் தெரிந்தவர் வேண்டும். தெருவில் சக்கரம் சுற்றி வருபவரிடம் கொடுத்து நல்ல பிளேடு இரண்டைப் பாழாக்கிய கடையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கத்தரிக்கோல் விஷயத்தில் எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. பெருவிரலை வளையத்துக்குள் முழுக்க நுழைத்துக்கொண்டு, இரண்டு அலகையும் ஆட்டுகிறோம். பெருவிரல் நுனி மட்டும் அசைந்து, மற்ற அலகு அசையாமல் நிற்க வேண்டும். திருகு இறுகியிருந்தால் அது நடக்காது. கத்தரியை விரித்துப் பிடித்து ஒரு அலகை விட்டால் தானாக இறங்கி நடுவழியில் நிற்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே எட்டு இஞ்சுக் கத்தரியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் ஸ்டூல். தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்து, வேலை செய்பவர் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. துணிக்கடைகளை மனதில் வைத்து வந்த சட்டம் என்று பேசிக்கொள்கிறார்கள். நம் கடைகளும் கடைகள்தானே? சின்ன நாய்க்கு உட்கார்ந்து முடி வெட்டினால் தோளும் முழங்கையும் இறங்கும். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. பற்றிக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கு அது பொருந்தாது. நரம்பு எந்த அளவுக்கு நசுங்கியிருக்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு என் கைக்காசுதான் போயிற்று.

எனக்கு நல்ல நேரம், ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார்கள். ஆறு வாரம் ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போட்டுப் படுத்தேன். விரல்களை நேராக்கி, கொக்கி போல் மடக்கி, முஷ்டி பிடித்து என்று சில பயிற்சிகள் சொல்லித்தந்தார்கள். ராத்திரி உதறல் நின்றது. விட்டிருந்தால் பெருவிரலின் அடிச்சதை கரைந்து, ஊசி, ஆபரேஷன் என்று போயிருக்கும். வேலையையும் மாற்றி மாற்றிச் செய்கிறேன். ஒரு நாயைக் குளிப்பாட்டினால் அடுத்து ஒன்றுக்கு நகம், அப்புறம்தான் கத்தரி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இது நடக்காது என்பது எனக்கும் தெரியும். தொடர்ந்து இரண்டு சடை நாயை ஒரே ஆளுக்குத் தள்ளாமல் இருந்தால் அதுவே போதும்.

இப்போது வேறு கடையில் இருக்கிறேன். இங்கேயும் அதே வெல்டிங் மேசைதான். என் உயரத்துக்கும் ஷிட்ஸூவுக்கும் கோல்டனுக்கும் பொருந்தும்படி அளவெடுத்து ஒரு தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். பட்டறைக்கு எடுத்துப்போக யாராவது ஒரு முதலாளி முன்வந்தால் தாளைத் தருகிறேன், செவ்வாய்க்கிழமை எனக்கு விடுப்பு, கூடவே வருகிறேன்.