லாகின் பக்கத்தை பாட்கள் (தானாக ஓடும் நிரல்கள்) தாக்கியதற்கு என் கணக்கை முடக்கியது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்

வணக்கம்.

பத்தமடையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருப் பெண்கள் நெய்யும் கோரைப் பாய்களை விற்பதற்காக பலர் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் உங்கள் ஷேர்ட் ஹோஸ்டிங்கில், வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் ஒரு தளம் வைத்திருக்கிறேன். சந்தா பாக்கி எதுவும் கிடையாது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் குவிகிற நேரம் பார்த்து அதை முடக்கிவிட்டீர்கள். காரணம் கேட்டால், கணக்கு சிபியுவை அளவுக்கு மேல் இழுக்கிறது, தளம் ஹேக் ஆகியிருக்கிறது என்று பதில். சிபியு எகிறியது உண்மை, ஆனால் அதற்கு நான் பொறுப்பில்லை. ஹேக் ஆனது என்பது பொய்.

தளம் மந்தமாகக் கிடந்ததால், நீங்கள் முடக்குவதற்கு முன்பே அக்சஸ் லாகை, அதாவது தளத்துக்கு வந்த கோரிக்கைகளின் பதிவை, இறக்கி வைத்திருந்தேன். அதைப் பார்த்தாலே நடந்தது தெரிந்துவிடும். தாக்கியவர்கள் முதலில் தள முகவரியோடு ஆத்தர்=1, ஆத்தர்=2 என்று சேர்த்து மாற்றி மாற்றிக் கேட்டு பயனர் பெயரைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். அப்புறம் டபிள்யூபி-லாகின் பக்கத்துக்கு, பாஸ்வேர்டை அனுப்பிப் பார்க்கும் போஸ்ட் கோரிக்கைகள் விழுகின்றன, ஒரே விநாடியில் பல, வெவ்வேறு ஐபி முகவரியிலிருந்து. வேர்ட்பிரஸில் பாஸ்வேர்டு தப்பென்றால் லாகில் 200 என்று விழும், உள்ளே போனால் 302. அந்தக் கோரிக்கைகள் எல்லாவற்றிலும் 200-தான். 302 வருவது என் சொந்த ஐபிக்கு மட்டும். யாரும் உள்ளே வரவில்லை. உங்கள் ஆட்கள் இந்த லாகை ஒருமுறையாவது திறந்து பார்த்தார்களா?

தப்பான பாஸ்வேர்டாகவே இருந்தாலும் ஒவ்வொரு முயற்சிக்கும் பிஎச்பி ஓட வேண்டும், டேட்டாபேஸைத் தொட வேண்டும், பயனர் பெயர் சரியாக இருந்தால் பாஸ்வேர்டை ஹாஷ் என்ற ரகசியக் குறியாக மாற்றி ஒப்பிட வேண்டும், அந்த ஹாஷும் பாதுகாப்புக்காக வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி செய்யப்பட்டது, அப்படியிருக்க சிபியு ஏறாமல் என்ன செய்யும்? நீளமான பாஸ்வேர்டு, போனில் வரும் ஆறு இலக்க எண், முயற்சிக்கு வரம்பு போடும் பிளகின் என்று என் கையில் இருந்ததையெல்லாம் செய்திருக்கிறேன். ஆனால் பிளகினும் பிஎச்பிக்குள் ஓடுவதுதானே, கோரிக்கை அதுவரை வந்து சேர்ந்த பிறகுதான் அதனால் தடுக்க முடியும். அதற்கு முன்னாலேயே நிறுத்த வேண்டியது சர்வர். நிமிடத்துக்கு இத்தனைதான் என்று ஒரு வரம்பு, மாட்செக்யூரிட்டி என்ற சர்வர் தடுப்பு மென்பொருளில் ஒரு விதி, மீறினால் 'கோரிக்கை அதிகம்' என்ற 429 சொல்லித் திருப்பி அனுப்புவது, இதெல்லாம் சர்வர் முழுவதையும் ஆளும் ரூட் அனுமதி உள்ளவர்கள் செய்கிற வேலை. அந்த அனுமதி உங்களிடம் இருக்கிறது, எனக்குக் கிடையாது. 2013 ஏப்ரலில் ஒரு பாட்நெட் (தாக்குபவர்கள் வசப்படுத்திய கணினிகளின் கூட்டம்) உலகம் முழுக்க வேர்ட்பிரஸ் தளங்களில் 'அட்மின்' என்ற பெயரை வைத்து முட்டியபோதே பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் சர்வரில் தடுப்பு போட்டுவிட்டன. இத்தனை வருடம் கழித்தும் நீங்கள் அதைக் கூடுதல் பேக்கேஜாக விற்கப் பார்க்கிறீர்கள். வாசலில் திருடன் கதவைத் தட்டினான் என்று வீட்டுக்காரனைப் பிடித்து வெளியே தள்ளுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சாட்டில் வந்த உங்கள் ஆள், பார்த்துச் சொல்கிறேன், அட்மின் பாஸ்வேர்டை இங்கே அனுப்புங்கள் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் அனுப்பவில்லை. லாகின் பக்கத்துக்குக் கூடுதல் பூட்டு போட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் திறக்கிறோம் என்று அவரே சொல்கிறார். கணக்கையே முடக்கிவிட்டால், அந்தப் பூட்டைப் போட வேண்டிய எச்டிஆக்சஸ் கோப்பை நான் எப்படித் திருத்துவது?

கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரையும் தேதியையும் நெய்து கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்தப் பெயர்களும் தேதிகளும் உங்கள் சர்வரில் ஆர்டர் பக்கத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. கோரை, நூல் எல்லாம் தயாராக இருந்தும் தறியில் ஏற்ற முடியவில்லை. நைஸ் பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும், முகூர்த்தத் தேதியோ யாருக்காகவும் நகராது. சுரண்டையிலிருந்து ஒருவர் போன் போட்டு, "அண்ணாச்சி, பணம் கட்டியாச்சு, இப்ப சைட்டையே காணோமே" என்கிறார். அவர் என்னை ஏமாற்றுக்காரன் என்று நினைத்தால் அதற்கு யார் பொறுப்பு?

உடனே தளத்தைத் திறந்துவிடுங்கள். அதற்கு நேரமாகும் என்றால் டேட்டாபேஸ் பேக்கப்பையாவது இன்றே கொடுங்கள். லாகின் பக்கத்துக்கு சர்வர் அளவில் வரம்பு போடுங்கள், எனக்கு மட்டுமல்ல, அந்த சர்வரில் இருக்கிற எல்லோருக்கும். வெளி நிரல்கள் வேர்ட்பிரஸுடன் பேசும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி வழியையும் அடையுங்கள், அந்த வழியிலும் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்க முடியும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முடக்கிய நாளின் முழு லாகும் எனக்கு வேண்டும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், அதனால் அழிந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். தளம் முடங்கிக் கிடந்த நாட்களைச் சந்தாவில் சேர்த்துக் கொடுங்கள். வாடிக்கையாளரிடம் பாஸ்வேர்டு கேட்கக் கூடாது என்று உங்கள் ஆட்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

எதுவும் நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. என்னிடம் இருக்கிற லாகையும் சாட் பதிவையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பதிலை ஈமெயிலில் எழுத்தாக அனுப்புங்கள், போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
பத்தமடை, திருநெல்வேலி மாவட்டம்