குதிரைப் படிப்பும் நெல்லைச் சீமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மேற்படிப்பு வழிகாட்டிப் பகுதியில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் குதிரை அறிவியலும் மேலாண்மையும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுவது பற்றி இரண்டு வரிகள் வந்திருந்தன. அதைப் படித்த வாசகர் ஒருவர், கழுதைக்கும் ஒரு பட்டம் உண்டா என்று பின்னர் கேலியாகக் கேட்டிருந்தார். கேலி கிடக்கட்டும். அந்த இரண்டு வரிகளை மட்டும் நம்பி நிலத்தை அடமானம் வைக்கத் துணியும் பெற்றோருக்கும், நம் பக்கத்தில் குதிரையைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்துச் சில செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது கால்நடை மருத்துவப் படிப்பு அன்று. அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் ‘குதிரை அறிவியலும் மேலாண்மையும்’ என்ற பெயரிலேயே நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. குதிரையின் உடற்கூறு, தீவனம், இனப்பெருக்கம், மேய்ச்சல் நிலப் பராமரிப்பு ஆகியவற்றோடு பண்ணையை நடத்தும் வரவுசெலவும் நிர்வாகமும் அங்கே சேர்த்துக் கற்பிக்கப்படுகின்றன, களப்பயிற்சியும் கட்டாயம். ஆனால் அதை முடித்துத் திரும்பும் ஒருவர் நம் நாட்டில் குதிரைக்கு வைத்தியம் பார்க்க முடியாது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி அந்த உரிமை பதிவு பெற்ற மருத்துவர்களுக்கே உண்டு. குதிரை டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளை, ஐந்தரை ஆண்டு பி.வி.எஸ்சி. என்னும் கால்நடை மருத்துவப் படிப்பில்தான் சேர வேண்டும். அதற்கான கல்லூரி திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியிலேயே 2012 முதல் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து ஏறத்தாழ 3.4 லட்சம்தான் என்பதும், 2012இல் இருந்ததைவிட அது 45 விழுக்காட்டுக்கு மேல் குறைவு என்பதும் கடன் வாங்கும் முன்பே பெற்றோர் அறிய வேண்டிய எண்கள். வழிகாட்டிப் பகுதி இவற்றைச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியானால் இந்தப் படிப்பே நமக்கு வேண்டாமா என்றால், அப்படி நான் சொல்லவில்லை. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கோவில் கொடை விழாவை ஒட்டி நடக்கும் வண்டிப் பந்தயங்களில் மாடுகளுக்கு அடுத்தபடியாகக் குதிரைகள் ஓடுகின்றன. அவற்றைக் கொண்டுவரும் விதத்தை ஒருமுறை அருகில் நின்று பார்த்தால் போதும். குட்டியானையில் (சிறிய சரக்கு வண்டிக்கு நம்மவர் வைத்த பெயர் அது) நிறுத்தி, தலை தாழாதபடி கயிற்றைச் சுருக்கி மேல்கம்பியில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். வழியில் துள்ளக் கூடாது என்கிற அக்கறைதான் காரணம். ஆனால் தலையைத் தாழ்த்தினால்தான் குதிரையின் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியேறும். தலை தூக்கியபடியே நெடுநேரம் பயணம் செய்யும் குதிரைக்கு நுரையீரலில் நோய்த்தொற்று வரும் ஆபத்து கூடுகிறது. கயிற்றை ஒரு முழம் தளர்த்தி, வழியில் நிறுத்தித் தலை தாழ்த்த விட்டால் தீரக்கூடிய விஷயம் இது. இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

தீவனத்திலும் இதே கதைதான். குதிரை பசுவைப்போல் அசைபோடும் பிராணி அன்று. அதன் இரைப்பை உடம்பைப் பார்க்க மிகச் சிறியது. நாளின் பெரும்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேயும்படி அமைந்த வயிறு அது. உண்டதை அதனால் வாந்தியெடுக்கவும் முடியாது. பந்தயம் நெருங்குகிறதென்று கொள்ளையும் தானியத்தையும் ஒரே வேளையில் அள்ளி வைத்தால் வயிற்றுவலி கண்டு தரையில் புரளும். பிழைத்தாலும் குளம்பின் உட்புறம் அழன்று நடை கெட்டுப்போகலாம். குதிரையை உயிராக நேசிக்கும் வீடுகளில்தான் இது நடக்கிறது என்பதே வருத்தம்.

இந்தக் குறை நமக்குப் புதிதும் அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் இருந்த காயல் துறைமுகத்துக்கு பாரசீக, அரபுக் கரைகளின் ஹொர்முஸ், கிஸ், ஏடன் பகுதிகளிலிருந்து கப்பல்கள் குதிரைகளுடன் வந்ததை எழுதியிருக்கிறார். பாண்டிய மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், குதிரையைப் பேணத் தெரியாததும் லாடம் அடிப்பவர் இல்லாததுமே காரணம் என்றும் அவர் சொல்கிறார். வணிகர்கள் லாடக்காரரை அழைத்து வராததோடு, வேறு யாரும் வந்துவிடாமலும் பார்த்துக்கொண்டார்களாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு வியாபாரம் படுத்துவிடுமே! பயணிகளின் எண்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், அவர் சொன்ன காரணத்தில் குறைக்க ஒன்றுமில்லை.

ஆகவே, நான்காண்டுப் பட்டத்தை இங்கே தொடங்கச் சொல்லி அரசைக் கேட்பது என் நோக்கமன்று. படித்துவிட்டு வருவோருக்கு வேலை கொடுக்கும் அளவுக்கு இங்கே பண்ணைகள் இல்லை. ராமையன்பட்டிக் கல்லூரியில் குதிரை வளர்ப்போருக்கும் வண்டி ஓட்டுவோருக்கும் குறுகிய காலச் சான்றிதழ்ப் பயிற்சி ஒன்றைத் தொடங்கலாம். பிளஸ் டூ தேறாதவர்களையும் அதில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் லாயத்தில் நிற்பவர்களில் பலர் அவர்களே. பாடத்தில் பாதி குளம்பைப் பற்றியதாக இருக்கட்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்த குளம்பைச் சமமாகச் சீவி மறுபடி கட்ட வேண்டிய வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். சான்றிதழ் இல்லை என்று ஒதுக்காமல் அவர்களையே மதிப்பூதியம் கொடுத்து ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். பந்தயத்துக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகள், குதிரையோடு வருபவரிடம் இந்தச் சான்றிதழைக் கேட்கத் தொடங்கினால் பயிற்சிக்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.