செவ்வாய்க்கிழமை நாலு மணி போனுக்கு நன்றி

மைனிக்கும், நர்ஸ் அக்காவுக்கும், அண்ணாச்சிக்கும், அம்பாசமுத்திரம் தம்பிக்கும், மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

பெயர் போட்டு நன்றி சொல்லத்தான் ஆசை. கயிறு விஷயம் பேசக் கூடுகிற நம் கூட்டத்தில் முழுப்பெயரும் வேலையும் கேட்கிற பழக்கம் இல்லாததால் உறவுமுறை சொல்லியே எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டார். ரெண்டு வரியை அடிக்கச் சொன்னார். ஒன்றை மட்டும் அடித்தேன்.

கல்யாணமாகி ஆறு வருஷம். கயிறு, அதாவது சம்மதத்தோடு அவர் என்னைக் கட்டுவது, எங்கள் இருவருக்குமே பிடித்தது. பேசிப் பேசி, பயந்து பயந்துதான் ஆரம்பித்தோம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பாளையங்கோட்டை வீட்டில், கட்டி முக்கால் மணி நேரம் இருக்கும், நான் எங்கேயோ போய்விட்டேன். ஆற்றில் முங்கி இருக்கும்போது கரையில் துணி துவைக்கிற சத்தம் கேட்குமே, மேலே ஓடுகிற ஃபேன் அப்படிக் கேட்டது. உடம்பு இருக்கிறது, கனம் இல்லை. "போதுமா?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. சொல்ல வார்த்தை வரவில்லை, சிரித்தேன். அதை அவர் 'இன்னும் கொஞ்சம்' என்று எடுத்துக்கொண்டார்.

அவிழ்த்த அரை மணியில் அவர் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் பாத்திரம் கழுவிவிட்டுப் படுத்தேன். ஞாயிறு நன்றாகவே போனது. திங்கள் மத்தியானம் ஆபீஸில் கணக்கு பார்த்துக்கொண்டிருக்கையில் பொலபொலவென்று அழுகை. ராத்திரி அவரிடம், "உங்களுக்கு என்மேல் பாசமே இல்லை" என்று சண்டை. என்னை ஏதோ செய்துவிட்டோம் என்று அவர் பேச்சையே நிறுத்திவிட்டார். பத்து நாள் அப்படி. ஒரு டாக்டரிடம் போனோம். பாதி கேட்கும்போதே இது வியாதி, குலதெய்வத்துக்குப் பொங்கல் வையுங்கள் என்று அனுப்பிவிட்டார். பொங்கல் வைத்தோம், அது வேறு விஷயம்.

அப்புறம்தான் வண்ணார்பேட்டை டீக்கடையில் உங்களைச் சந்தித்தோம். நான் என்னென்னவோ கேள்விகளுக்குத் தயாராகி வந்திருந்தேன். மைனி கேட்ட முதல் கேள்வி, "ஏளா, அன்னைக்குச் சாயங்காலம் என்ன சாப்பிட்ட?"

மத்தியானம் சொதிச் சோறு சாப்பிட்டதோடு சரி. "பெறவு எப்படி நிப்ப?" என்றீர்கள்.

நான் போன இடத்துக்கு சப்ஸ்பேஸ் என்று பெயர் இருப்பதே அன்றுதான் தெரியும். வலியும் படபடப்பும் சேரும்போது உடம்பு அட்ரினலினையும் எண்டார்ஃபினையும் அவிழ்த்துவிடுகிறது, அது வடிகிறபோது ஆள் தளர்ந்துவிடலாம், அந்தத் தளர்ச்சி ரெண்டு நாள் கழித்துக்கூட வரலாம், அதற்கு சப் டிராப் என்று பெயர். இதையெல்லாம் தம்பி போனில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினான். எனக்குப் புரியவைத்தது என்னவோ மைனியின் பேச்சுதான். "கொடையில சாமியாடி பார்த்திருக்கேல்லா? சாமி மலையேறினதும் ஆளை அப்படியே போட்டுட்டாப் போறோம்? தாங்கிப் பிடிச்சு, முகத்துல தண்ணி தெளிச்சு, உக்காரவச்சு, குடிக்கக் குடுக்கோம்லா?" சாமியும் கயிறும் ஒன்று என்று மைனியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வரவேண்டாம். ஆனால் முடிந்தபின் ஆளைக் கவனித்துக்கொள்வதற்குச் சொல்கிற ஆஃப்டர்கேர் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் அன்றோடு போய்விட்டது. 'தெளியவைக்கிறது' என்றுதான் சொல்கிறோம்.

நர்ஸ் அக்கா, நீங்கள் சொன்னதைக் கேட்டபோது முதுகு சில்லிட்டது. மிதக்கிற ஆளுக்கு வலி மட்டுப்பட்டிருக்கும், கை மரத்தாலும் சொல்லத் தோன்றாது. மேல்கையில் ரேடியல் நரம்பு அமுங்கினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகலாம், சரியாக வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் கட்டுகிறவர்தான் மணிக்கட்டைத் தூக்கச் சொல்லி, கட்டைவிரலை அசைக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்றீர்கள். அவசரத்துக்குக் கயிறை வெட்ட நுனி மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்றையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள். காசு வாங்கவில்லை.

அந்த மிதப்புக்குள் போனபின் சொல்கிற 'சரி' கணக்கில் வராது என்பதும் உங்கள் பாடம்தான். எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்பதைக் காப்பி குடித்துக்கொண்டு தெளிவாக இருக்கும்போதே பேசிவிடுகிறோம். நடுவில் புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை. தொடரலாம் என்றால் பச்சை, மெதுவாக என்றால் மஞ்சள், நிறுத்து என்றால் சிவப்பு. அதைச் சொல்ல நாக்கு எழாவிட்டால் என்ன செய்வது? கையில் சாவிக்கொத்து. அது கீழே விழுந்தால் எல்லாம் நிற்கும். பீரோ சாவிக்கு இப்படி ஒரு வேலை வருமென்று என் மாமியார் நினைத்திருக்க மாட்டார்.

அண்ணாச்சி, என் வீட்டுக்காரரைத் தனியே ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய் என்ன பேசினீர்களோ, இன்றுவரை அவர் முழுதாகச் சொல்லவில்லை. கட்டுகிறவருக்கும் டிராப் வரும், 'நான் கெட்டவனோ' என்ற எண்ணம் அதன் ஓர் அறிகுறியாக இருக்கலாம் என்று நீங்கள் சொன்னதை மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது அவர் கண் சிவந்திருந்தது. எனக்கு முடிந்ததும் போர்வையும் பக்கத்தில் ஆளும் வேண்டும். அவருக்கோ யாரும் தொடக்கூடாது. பாத்திரம் துலக்க வேண்டும், துலக்கி முடித்ததும் "நீங்கள் தப்பு ஒன்றும் செய்யவில்லை" என்று ஒருதரம் கேட்க வேண்டும். இப்போது பாத்திரம் அவர் பொறுப்பு. எனக்கு இதில் இரட்டை லாபம்.

மதுரை கவுன்சிலர் மேடத்துக்கும் நன்றி. அதிர்ச்சியும் இல்லை, ஆர்வக்கோளாறும் இல்லை. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்கிற அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு, இப்படி விருப்பம் இருப்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்வதில்லை என்றும், உலக சுகாதார நிறுவனத்தின் 2022-இல் நடைமுறைக்கு வந்த புதிய நோய்ப்பட்டியலில் சம்மதத்தோடு செய்கிற இந்த விஷயம் இல்லை என்றும் நிதானமாகச் சொன்னார். அந்த டாக்டர் ஞாபகம் வந்தது. சரி, போகட்டும்.

ஒருவரிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். போன கூட்டத்தில், "சப்ஸ்பேஸ் போகலைன்னா சரியாப் பண்ணலைன்னு அர்த்தம்" என்றீர்களே, அது சரியில்லை. பலர் போவதே இல்லை. நானே அப்புறம் நாலு தடவையில் ஒருதரம்தான் போனேன். மார்க் போட இது பரீட்சையா?

இப்போதெல்லாம் முன்னாலேயே சாப்பிட்டுவிடுகிறோம். முடிந்ததும் ஃபேனை நிறுத்துவது அவர் வேலை, எனக்குக் குளிரும். பத்தமடைப் பாய், அம்மாவின் பழைய நூல் சேலை, கருப்பட்டிக் காப்பி, விரல் நுனியளவு அல்வா. நைட் ஷிஃப்ட் இருக்கிற நாளில் கயிறையே எடுப்பதில்லை. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவர் என் ஆபீஸுக்கு போன் போடுவார். "இருக்கியா?" "இருக்கேன்." அவ்வளவுதான் பேச்சு. முதல் மாதம் அவருக்கு மறந்துவிடுமோ என்று அதே நேரத்துக்கு மைனியும் போன் போட்டீர்கள். ரெண்டு போனும் சேர்ந்து அடித்ததில் பக்கத்து சீட் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மைனி, உங்கள் ஃபிளாஸ்க் எங்களிடம்தான் இருக்கிறது. மூடி கொஞ்சம் நசுங்கிவிட்டது, அது என் கைவேலை. ஆனித் தேரோட்டக் கூட்டம் குறைந்ததும் டவுன் பக்கம் வந்து தருகிறோம்.