நீரோடியில் கரமடியில் வந்த விலாங்கு

அன்புள்ள சேவியர்,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாமல் எட்டு மாதம் ஓட்டிவிட்டேன், மன்னித்துக்கொள். அம்மைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சின்னவள் பத்தாம் வகுப்பு பாஸ். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை நீரோடிக் கடற்கரையில் கரமடி வலையைக் கரைக்கு இழுத்தார்கள், நானும் கயிறு பிடித்தேன். மடியைக் கொட்டியதும் சாளை மீனுக்கும் காரல் மீனுக்கும் நடுவே இரண்டு முழ நீளத்தில் ஒன்று நெளிந்தது. “பாம்பு, பாம்பு” என்று பையன்கள் துடுப்பாலேயே அடித்துக் கொன்றுவிட்டார்கள். நான் ஓடிப்போவதற்குள் முடிந்துவிட்டது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது ஒரு வகை விலாங்கு மீன், சேவியர். கையில் எடுத்துப் பார்த்தேன். மருந்துக்கும் செதில் கிடையாது. தலைக்குப் பின்னால் செவுள் துளை, அதை ஒட்டி இரண்டு சிறு செட்டைகள், முதுகுச் செட்டை அவற்றுக்கு நேர் மேலே தொடங்குகிறது. வாயைத் திறந்தால் பயறு பதித்தது போல மழுங்கின பற்கள். நண்டை நொறுக்கித் தின்னத்தான் அவை. 1848இல் ரிச்சர்ட்சன் என்ற விலங்கியல் அறிஞர் அதற்கு வைத்த அறிவியல் பெயரே ‘கான்கிரிவோரஸ்’, அதாவது நண்டுதின்னி. கடல் பாம்பின் வால் தட்டையாக இருப்பது உனக்கும் தெரியும். இதன் வால் நுனியோ செட்டையே இல்லாமல் ஆணி போல விறைப்பாக இருந்தது. அதை வைத்துத்தான் மணலைத் துளைத்துப் பின்பக்கமாக உள்ளே போகிறது. விஷம் இல்லை, பிடித்தால் கடிக்கும், அவ்வளவே.

அந்த நாளில் நெத்தோலி மீன்களுக்கு நடுவே கண்ணும் வாயும் வைத்த கண்ணாடி இலை போல ஒன்று கிடைத்ததே, ஞாபகம் இருக்கிறதா? சூசைப் பாட்டா வாங்கித் தூர எறிந்தாரே! விலாங்குக் குஞ்சு முதலில் அப்படித்தான் இருக்குமாம். நீ அன்று மீன்தான் என்று அடித்துச் சொன்னாய், நான்தான் நம்பவில்லை. சரி, முப்பது வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன், போதுமா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பையன்களைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். நேற்று மடியில் இன்னொன்று, உயிரோடு. முதல் அடி அடித்தானே, அதே பையன் ஈரத் துவர்த்தில் சுற்றி எடுத்துப்போய் முழங்கால் தண்ணீரில் விட்டான். வால் மணலைத் தொட்டதுதான் தாமதம், உடம்பு முழுக்க இறங்கிவிட்டது. கண்ணும் மூக்குக் குழலும் ஒரு நொடி வெளியே தெரிந்தன. அப்புறம் வெறும் மணல்.

ஆனால் அந்த மணல்தான் எத்தனை நாளைக்கு? நாம் பந்து அடித்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது, அதற்கு மேலே அலையைத் தடுக்கப் போட்ட பாறாங்கல். கல்லுக்குள் அது எங்கே போய்ப் புதையும்? இதை நினைத்தால் ராத்திரி தூக்கம் வரவில்லை.

பூவாறு பொழிப் பக்கம் உன் மச்சான் வலை போடுகிறாரே, போனில் பேசும்போது சொல்லி வை. வால் கூராக இருந்தால் அடிக்க வேண்டாம், தண்ணீரில் விட்டுவிடட்டும்.

உன்,
ஜோசப்