ஒரு சாண் தண்ணீரைத் தாங்காத வாட்டர்புரூஃப் சாக்ஸ்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், கோயம்புத்தூர்
பெறுநர்: குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: ஒழுகும் வாட்டர்புரூஃப் சாக்ஸுக்குப் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஜூன் மாதம் உங்கள் இணையதளத்தில் வாட்டர்புரூஃப் சாக்ஸ் ஒரு ஜோடி வாங்கினேன். நடு அளவு, கெண்டைக்கால் பாதி வரை வரும் உயரம், விலை 2,799 ரூபாய். ஒரு ஜோடி சாக்ஸுக்கு இந்த விலையா என்று வீட்டில் கேட்டார்கள். மழைக்காலத்தில் மலையேறிப் பழகியவன் நான். நாள் முழுக்க நனைந்த காலோடு நடந்தால் பாதம் வெளுத்துச் சுருங்கி, தோல் பிய்ந்துகொண்டு வரும். அதற்கு இந்தக் காசு தகும் என்று சொல்லித்தான் வாங்கினேன்.

ஜூலை இரண்டாம் வாரம் கர்நாடகத்தில் குதிரேமுக் சிகரத்துக்குப் போனோம். முல்லோடியில் தொடங்கி, போய்த் திரும்ப ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அந்த மாதத்தில் அங்கே மழை விடாது. வழியெல்லாம் ஓடைகள், சோலைக்காட்டில் அட்டைகள், மேலே போனால் இடுப்புயரப் புல். உங்கள் சாக்ஸுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

முதல் ஓடையில் தண்ணீர் கணுக்காலைக்கூடத் தொடவில்லை. கடந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும், வலது காலின் சுண்டு விரல் பக்கம் சில்லென்றது. அடுத்த அரை மணியில் ஐந்து விரலும் ஈரம். மதியம் ஷூவைக் கழற்றிப் பார்த்தபோது வலது காலில் விரல்கள் ஊறிப் போயிருந்தன, குதிகால் பக்கம் லேசான ஈரம்தான். இடது காலில் வியர்வைப் பிசுபிசுப்பைத் தவிர ஒன்றுமில்லை. இதை நன்றாகக் கவனத்தில் வையுங்கள்.

ஏனென்றால், ஊர் திரும்பி நான் எழுதிய மின்னஞ்சலுக்கு ஒன்பது நாள் கழித்து வந்த உங்கள் பதிலில் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, சாக்ஸின் மேல்வாய் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கலாம். இன்னொன்று, அது என் சொந்த வியர்வையாக இருக்கலாம்.

இரண்டும் நடக்கக்கூடியவைதான், மறுக்கவில்லை. ஆனால் மேல்வாய் வழியாகத் தண்ணீர் புகுந்தால் இந்த மாதிரி சாக்ஸில் அது வெளியே போக வழியில்லை. குதிகாலில் தேங்கி, நடக்க நடக்க சளக் சளக் என்று சத்தம் வரும். என் குதிகால் ஏறக்குறைய காய்ந்துதான் இருந்தது. வியர்வை என்றால் இரண்டு காலும் ஒரே மாதிரி நனைய வேண்டும். வலது கால் விரல் மட்டும் தனியாக வியர்க்கும் மனிதனை நான் பார்த்ததில்லை.

சரி, வாதம் எதற்கு என்று வீட்டில் சோதித்துப் பார்த்தேன். இரண்டு சாக்ஸிலும் நுனிவரை நியூஸ்பேப்பரைச் சுருட்டித் திணித்து, வாய்ப்பகுதி வெளியே நிற்கும்படி பக்கெட் தண்ணீரில் பத்து நிமிடம் பிடித்தேன். இடது சாக்ஸின் பேப்பர் மொறுமொறுவென்று வந்தது. வலதில் விரல் பகுதிப் பேப்பர் கூழாகிவிட்டது. பிறகு வலது சாக்ஸில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றித் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். விரல் முனையில் குறுக்கே ஓடும் தையலில், சுண்டு விரல் பக்கமாக நான்கு இடத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, சொட்ட ஆரம்பித்தது. என் மாமியார் வந்து பார்த்துவிட்டு, தயிர் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்களா மாப்பிள்ளை என்று கேட்டார். வீடியோவில் அவர் குரலும் இருக்கிறது, இணைத்திருக்கிறேன்.

உங்கள் உறையில் 10,000 மி.மீ. என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பத்து மீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று அர்த்தம். வெளியே நைலான், உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. தண்ணீரைத் தடுப்பது அந்தச் சவ்வுதான். சவ்வு தாங்கட்டும், நான் சந்தேகப்படவில்லை. அதை ஒட்டித் தைத்த இடம் ஒரு சாணுக்கே விட்டுவிட்டதே. ஒழுகும் கூரைக்குக் கீழே நிற்பவனிடம் ஓடு கெட்டியானது என்று சொல்லி என்ன பயன்?

கூடவே இன்னும் சில. இணையதளப் படத்தில் ஒருவர் இதே சாக்ஸோடு முழங்கால் ஆழத் தண்ணீரில் நிற்கிறார். சாக்ஸ் உயரமோ கெண்டைக்கால் பாதி. அந்தப் படத்தை நம்பி இறங்குகிறவருக்கு உங்கள் மேல்வாய் விளக்கம் கண்டிப்பாகப் பொருந்தும். நடு அளவு, 6 முதல் 9 வரை ஷூ போடும் எல்லாருக்கும் சரியாக இருக்கும் என்று எழுதியிருப்பதும் நியாயமில்லை. சாதாரண சாக்ஸ் போல இது இழுபடாது. 7 போடும் எனக்குக் குதிகாலுக்குக் கீழே மடிப்பு விழுந்து, இறங்கும்போது ஐம்பது பைசா அளவுக்குக் கொப்புளம் வந்தது. பாதத்தின் நீளத்தை சென்டிமீட்டரில் போட்டிருந்தால் சின்ன அளவையே வாங்கியிருப்பேன்.

அப்புறம், 'வேட்டைக்கும் ஏற்றது' என்று ஒரு வரி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் அதை யாருக்காக எழுதினீர்கள்? குளிர்நாட்டுச் சதுப்பில் வாத்துக்காக மணிக்கணக்கில் அசையாமல் நிற்பவருக்கு எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவருக்குக் கதகதப்பு வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் புழுக்கத்தில் ஏறுகிறவருக்கு வியர்வை வெளியேற வேண்டும். சுற்றிலும் ஷூ நனைந்து கிடக்கும்போது அந்த வேலையைச் சவ்வு சரியாகச் செய்யாது. இதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் மாற்று சாக்ஸ் ஒன்றைப் பையில் வைத்திருப்பேன்.

அணிந்த பொருளைத் திரும்பப் பெற முடியாது என்பது உங்கள் கடைசிப் பதில். அணியாமல் ஒழுகுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிடிக்காத நிறத்தையோ மனம் மாறியதையோ சொல்லி நான் திருப்பித் தரவில்லை. குறையுள்ள பொருளைத் தருகிறேன்.

எனக்கு வேண்டியது 2,799 ரூபாய். அதே சரக்கில் இன்னொரு ஜோடி வேண்டாம். முழங்கால் தண்ணீர்ப் படத்தையும் எடுத்துவிடுங்கள். மின்வணிக விதிகள், 2020 படி புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. முதல் கெடு ஏற்கெனவே தவறிவிட்டது. ஒரு மாதம் பார்ப்பேன். அதற்குப் பிறகு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

ரசீது, கால் படங்கள், இரண்டு வீடியோக்கள் இணைப்பில் உள்ளன. சாக்ஸைக் குளிர்ந்த நீரில் கையால் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, நீங்கள் சொன்ன முறைப்படியே வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுவேன். எது வலது என்று குழப்பம் வராமல் இருக்க அதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
கோயம்புத்தூர்