நான்காவது மெம்ப்ரேன் செட் வாங்கும் முன் ஒரு கோரிக்கை

அனுப்புநர்: ஆர்ஓ பிளான்ட் ஆபரேட்டர், அரசு அலுவலக வளாகம்
பெறுநர்: செயற்பொறியாளர் அவர்கள், பராமரிப்புப் பிரிவு
பொருள்: ஆர்ஓ பிளான்டில் மெம்ப்ரேனுக்கு முன்னால் உள்ள வடிகட்டும் அமைப்பைச் சரிசெய்து தரக் கோருதல்

ஐயா, வணக்கம்.

நம் வளாகத்து ஆர்ஓ பிளான்டுக்கு நான்காவது முறையாக மெம்ப்ரேன் (உப்பைப் பிரிக்கும் சவ்வு) வாங்கக் கோப்பு நகர்கிறது என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து அதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். ஆபரேட்டரே மெம்ப்ரேன் வேண்டாம் என்கிறானே என்று நினைப்பீர்கள். ஒழுங்கான தண்ணீர் கொடுத்தால் 3 வருடமாவது உழைக்க வேண்டிய சாமான், இங்கே ஒரு வருடம் தாண்டுவதில்லை. குறை மெம்ப்ரேனில் இல்லை, அதற்குள் நாம் அனுப்பும் தண்ணீரில் இருக்கிறது.

போன தடவை மெம்ப்ரேன் இருக்கும் குழாயை (ஹவுசிங்) திறந்து கழற்றியது நான்தான். முதலில் இருந்த மெம்ப்ரேனின் முகப்பு முழுக்கச் செம்பழுப்புச் சேறு. கடைசியில் இருந்ததைத் தூக்கும்போதே புதியதை விடக் கனம் தெரிந்தது, உள்ளே வெள்ளையாக நறநறவென்று படிவு, இரண்டு சொட்டு ஆசிட் விட்டதும் பொங்கியது. அதாவது முன்னால் மண்ணும் இரும்பும், பின்னால் சுண்ணாம்பு. இரண்டும் வேறு வேறு நோய், இரண்டுக்கும் ஒரே மருந்தாகப் புது மெம்ப்ரேனையே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நம் போர் தண்ணீர் இறைக்கும்போது பளிங்கு மாதிரி இருக்கும், வாளியில் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகிவிடும். கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகிறது. போதாததற்கு குளோரின் போட்ட லைன் தண்ணீரையும் அதே சம்ப்பில் கலக்கிறோம், துரு இன்னும் வேகமாகப் பிரிகிறது. இதைப் பிடித்து நிறுத்த வேண்டியது மணல் ஃபில்டர். ஆனால் அதைப் பேக்வாஷ் செய்ய, வழக்கமாக ஓடும் தண்ணீரை விட அதிக வேகத்தில் கீழிருந்து மேலே தள்ள வேண்டும், அப்போதுதான் மணல் படுகை எழும்பி அழுக்கை விடும். நம்மிடம் இருப்பது சாதாரண ஓட்டத்துக்கு மட்டுமே போதுமான மோட்டார். நான் தினமும் மல்டிபோர்ட் வால்வைத் திருப்புகிறேன், பதிவேட்டில் பேக்வாஷ் முடிந்தது என்று எழுதுகிறேன், மணல் அசைவதே இல்லை. அப்புறம் மெம்ப்ரேனுக்கு முன்னால் உள்ள 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் நான்கே நாளில் அடைத்துக்கொள்கிறது. அது கடைசிக் காவல்தான், சேறு முழுவதையும் அதன் தலையில் கட்டினால் என்ன செய்யும்?

குளோரின் விஷயம் தனி. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், குடிப்பவருக்கு அது நல்லது. நம் பாலியமைடு மெம்ப்ரேனுக்கோ 0.1 தாண்டினாலே ஆபத்து. இடையில் குளோரினைப் பிடிக்க வேண்டிய கார்பன், பிளான்ட் வந்த நாளிலிருந்து மாற்றப்படவில்லை. இரண்டாவது செட் இப்படித்தான் போனது: தண்ணீர் உற்பத்தி கூடியது, கூடவே டிடிஎஸ்ஸும் (கரைந்த உப்பின் அளவு) ஏறியது. உற்பத்தி கூடிவிட்டதென்று அப்போது எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள் (நானும்தான்). மெம்ப்ரேன் அரிபட்டு உப்பும் சேர்ந்து வருகிறது என்பது பிறகுதான் புரிந்தது.

சுண்ணாம்புக்குக் காரணம் இன்னும் எளிது. 1000 லிட்டர் உள்ளே விட்டு 750 லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்தால், அத்தனை உப்பும் மீதி 250 லிட்டரில் சேர்கிறது, ஏறக்குறைய நாலு மடங்கு. அது படியாமல் இருக்கத்தான் ஆன்டிஸ்கேலண்ட். அதைச் செலுத்தும் டோசிங் பம்ப் பழுதாகிப் பல மாதம் ஆகிறது.

மாதா மாதம் பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் ஆள் வருகிறார், டிடிஎஸ் பேனாவை முக்கிப் பார்க்கிறார், கையெழுத்துப் போட்டுப் போகிறார். அந்தப் பேனாவுக்குக் கரைந்த உப்பு மட்டும்தான் தெரியும், சேறோ துருவோ குளோரினோ தெரியாது. எனவே அடுத்த ஒப்பந்தத்தில் எஸ்டிஐ சோதனையைக் கட்டாயமாக்குங்கள். 0.45 மைக்ரான் தாள் வழியாக 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 15 நிமிடம் தண்ணீர் விட்டு, எவ்வளவு அடைக்கிறது என்று பார்ப்பதுதான் அது. 5க்குள் வர வேண்டும், 3க்குள் வந்தால் நிம்மதி. குளோரினும் இரும்பும் வாரம் ஒரு முறை, கடினத்தன்மை, காரத்தன்மை, சிலிக்கா கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை.

வாங்க வேண்டியவை: பேக்வாஷுக்குத் தனி மோட்டார், மணலும் கார்பனும் புதிதாக, டோசிங் பம்ப். போர் தண்ணீரைத் தனித் தொட்டியில் காற்றேற்றித் தெளியவிட்டு எடுக்க ஏற்பாடு செய்தால் பாதித் தொல்லை அங்கேயே தீரும். இவை முடிந்து எஸ்டிஐ சரியாக வந்த பிறகு மெம்ப்ரேன் வாங்குங்கள், நானே பொருத்துகிறேன்.

இன்னொன்று. டோசிங் பம்ப் வரும்வரை பாதித் தண்ணீரை ரிஜெக்டில் (கழிவாக) விட்டு, 50 சதவீதத்தில் ஓட்ட எழுத்துப்பூர்வமாக அனுமதி வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால், தண்ணீரை வீணாக்குகிறான் என்று நாளைக்கு என் மேல்தான் புகார் வரும்.

கழற்றிய மெம்ப்ரேன் இரண்டையும் வெட்டிப் பார்க்க வசதியாகப் பம்ப் அறையில் வைத்திருக்கிறேன். சரி என்று சொன்னால் தங்கள் அலுவலகத்துக்கே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பிளான்ட் ஆபரேட்டர்