குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

எல்லாருக்கும் வணக்கம். மோட்டார் ரிப்பேர், லிஃப்ட் வருஷப் பராமரிப்பு, பொங்கல் விழா செலவு எல்லாம் பொருளாளர் சார் குடுத்த கணக்குலயே இருக்கு, அதை நான் திரும்ப ஒப்பிக்கல. இந்த வருஷம் கமிட்டியோட நேரத்தை அதிகமா எடுத்துக்கிட்டது, பசங்களே மத்த பசங்ககிட்ட பாலியல் ரீதியா தப்பா நடந்துக்கற விஷயம்தான். "இதெல்லாம் நலச்சங்கத்து வேலையா, மெயின்டனன்ஸ் வசூல் பண்ணாப் போதாதா"ன்னு ரெண்டு மூணு பெரியவங்க கேட்டாங்க. மொட்டை மாடியும் பார்க்கிங்கும் நம்ம பொறுப்புதானே, அங்கதான பசங்க விளையாடுதுங்க.

ஜூலைல நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் சிசிடிவி படத்தோட "இந்தப் பையன்கிட்ட உங்க புள்ளைங்கள விடாதீங்க"ன்னு போட்டுட்டார், என்ன நடந்துச்சுன்னே முழுசா தெரியாதவங்க எல்லாம் "வீட்டக் காலி பண்ணச் சொல்லுங்க"ன்னு வரிசையா எழுத ஆரம்பிச்சாங்க. அட்மின் அதை உடனே நீக்கினாங்க. போட்டவருக்கு இன்னும் கோவம் தீரல, பரவால்ல. 2015 சிறார் நீதிச் சட்டம் 74வது பிரிவுப்படி பாதிக்கப்பட்ட குழந்தையோட அடையாளம் மட்டுமில்ல, செஞ்சதா சொல்லப்படற குழந்தையோட அடையாளத்தையும் வெளியிடக் கூடாது, மீறினா 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 2 லட்சம் வரைக்கும் ஃபைன், ரெண்டுமே கூட விழலாம். அந்தக் குறிப்பிட்ட விஷயம் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லியாச்சு, அதுக்கு மேல இங்க எழுத மாட்டேன், யாரும் கேக்கவும் வேணாம்.

அதுக்கப்புறம் கம்யூனிட்டி ஹால்ல குழந்தைகள் கவுன்சிலர் ஒருத்தங்கள கூப்பிட்டு பேச வச்சோம். வந்தவங்கள்ல முக்காவாசி அம்மாக்கள், அப்பாக்கள் ரெண்டு பேர் வந்து பின்னாடி கதவுகிட்ட நின்னாங்க. கவுன்சிலர் முதல்ல சொன்னதே, எல்லாத்தையும் ஒரே தராசுல போடாதீங்கன்னுதான். குழந்தை எங்கருந்து வருதுன்னு அஞ்சு வயசுல கேக்கறது வளர்ச்சி, அதுக்கு அடிச்சா அடுத்த தடவை வேற எதையும் நம்மகிட்ட சொல்லாது. இங்கிலாந்துல பேராசிரியர் சைமன் ஹாக்கெட் 2010ல இதை அஞ்சு படியா பிரிச்சிருக்கார், வயசுக்கு இயல்பானது, பொருத்தமில்லாதது, பிரச்சனையானது, துஷ்பிரயோகம், வன்முறை. எந்தப் படின்னு எப்படித் தெரியும்னு ஒரு அம்மா கேட்டப்ப அவங்க சொன்னது, வயசு வித்தியாசம் எவ்ளோ, பயமுறுத்தலோ லஞ்சமோ "யார்கிட்டயும் சொல்லாதே"ங்கறதோ இருந்துச்சா, வேணாம்னு சொன்னப்புறமும் தொடருதா, இதைப் பாருங்கன்னு.

தப்பு செஞ்ச பையனும் குழந்தைதான்னு அவங்க சொன்னப்ப ஹால்ல ஒரு முணுமுணுப்பு. சில பசங்க வீட்ல அடிதடிய பாத்திருக்கும், சிலது தானே பாதிக்கப்பட்டிருக்கும், சிலது போன்ல பாக்கக் கூடாததை ரொம்ப சின்ன வயசுலயே பாத்திருக்கும், அதுக்காக பாதிக்கப்பட்ட குழந்தை எல்லாம் பின்னாடி அப்படி ஆயிடும்னு நெனச்சிடக் கூடாது. சரியான உதவி கிடைச்சா பெரும்பாலான பசங்க திரும்ப அப்படி நடந்துக்கறதில்ல. என்னைக் கேட்டா, ஊரே சேந்து முத்திரை குத்தறதுதான் அந்த உதவிய கெடுக்குது. அதே நேரம் பாதிக்கப்பட்ட குழந்தையோட பாதுகாப்புதான் முதல்ல, ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு "ஸாரி சொல்லு"ன்னு முடிச்சு விடறது வேலைக்கே ஆகாது.

பஞ்சாயத்து பண்ணி முடிச்சுக்கலாம்னு நெனைக்கறவங்களுக்கு: 2012 போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி குற்றம் நடந்திருக்குன்னு தெரிஞ்சா சொல்லியே ஆகணும், மறைச்சா 21வது பிரிவுல 6 மாசம் வரைக்கும் தண்டனை. செஞ்சது 18 வயசுக்குக் கீழ இருந்தா கேஸ் சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும், 7 வயசுக்குக் கீழன்னா சட்டப்படி குற்றமே கிடையாது, ஆனா கவுன்சிலிங் வேணும்.

குழந்தை வந்து சொன்னா துருவித் துருவி கேக்காதீங்க, சொன்ன வார்த்தைலயே எழுதி வைங்க, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க, குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க. ராத்திரியும் எடுப்பாங்க.

அடுத்த வருஷத்துக்கு கமிட்டி முன்வைக்கறது: மொட்டை மாடிக் கதவுக்குச் சாவி செக்யூரிட்டிகிட்ட மட்டும், இந்த மாதிரி புகார குரூப்ல போடாம கமிட்டில இருக்கற ரெண்டு பெண் உறுப்பினர்கிட்ட நேர்ல சொல்றது, அப்பாக்களுக்கு தனியா ஒரு மீட்டிங், ஞாயித்துக்கிழமை, மேட்ச் இல்லாத நாளா பாத்து. ஆட்சேபணை இருந்தா பொதுக்குழுல எழுந்து சொல்லுங்க, ராத்திரி பதினோரு மணிக்கு டைப் பண்ணாதீங்க.

செயலாளர்